‘ஓடிபி சொல்லாதீங்க’ என்றால் மட்டும் போதுமா? 60 வயதைத் தாண்டியவர்களுக்கு டிஜிட்டல் பாடம் நடத்தப்போவது யார்? - விரிவான அலசல்

முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? இ-சேவை மையத்துக்குப் போகணும். பட்டா மாற்றமா? அதுக்கும் இ-சேவை மையம்தான். ஆதாரில் போன் நம்பரைச் சேர்க்கணுமா? ஆதார் மையம். கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் போன்ற ஒரு பேரூரில், சுற்றுப்பட்டு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் 65 வயதுக்காரர் ஒருவர் இந்த மூன்று இடத்திலும் ஒரு கேள்வியை நிச்சயம் எதிர்கொள்வார்.

“போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்க.”

அவர் இடுப்பிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ போனை எடுத்து அப்படியே நீட்டிவிடுவார். கவுன்ட்டரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். வேலை முடிந்துவிடும்.

ஆனால், அதே போனில் யாருக்கு அழைத்தாலும் சில காலம் முதலில் கேட்ட எச்சரிக்கை என்ன? வங்கி வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் என்ன சொல்கிறது? ‘ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.’

சொல்லணுமா, சொல்லக் கூடாதா? முதியவர்களுக்கான இணையப் பாதுகாப்பில் இருக்கும் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

விழிப்புணர்வு வாசகம் ஒன்று... நடைமுறை வேறொன்று!

‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற வாசகம் படித்தவர்களுக்கு எளிது. எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் கூடாது என்று அவர்களே பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் எண்ணைச் சொல்வதும், ‘பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்பவரிடம் சொல்வதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரியும்.

போனை சமீபத்தில்தான் கையில் எடுத்த ஒருவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை எங்கோ ஓர் இடத்தில் எண்ணைச் சொல்லித்தான் அவர் வேலையே நடக்கிறது. அப்படிப் பழகியவரிடம் போன் செய்து ‘நம்பரைச் சொல்லுங்க’ என்றால், அவர் சொல்லத்தான் செய்வார். அதை ஏமாளித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அரசும் வங்கியும் பழக்கிவிட்ட பழக்கம் அது.

இன்னொரு சிக்கல், குறுஞ்செய்தியின் மொழி. ‘இந்த எண், இன்ன கணக்கிலிருந்து இவ்வளவு ரூபாய் எடுப்பதற்கானது’ என்று பல நேரங்களில் அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனியாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 72 சதவீதம். மாநில சராசரி 80 சதவீதம். தமிழே எழுத்துக்கூட்டிப் படிப்பவரிடம் ஆங்கிலத்தில் எச்சரித்தால் என்ன பயன்?

பாடம் எங்கே நின்றுபோனது?

கிராமத்து மக்களுக்கு டிஜிட்டல் பயிற்சி கொடுக்க மத்திய அரசு திட்டமே போடவில்லையா என்றால், போட்டது. 2017 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற ‘பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம்’ அதற்காகத்தான் வந்தது. மதிப்பீடு 2,351 கோடி ரூபாய். 6 கோடி கிராமப்புறக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குப் பயிற்சி என்பது இலக்கு. கணினி, செல்போனை இயக்குவது, இணையத்தில் தேடுவது, அரசு சேவைகளைப் பெறுவது, பணம் அனுப்புவது எனப் பாடங்கள் இருந்தன. 2024 மார்ச் 31-ல் திட்டம் முடிந்தபோது 6.39 கோடி பேர் பயிற்சி பெற்றிருந்ததாக அரசு தெரிவித்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் இலக்கைத் தாண்டிய திட்டம்.

ஆனால், அதன் விதிகளைப் பாருங்கள்.

வயது வரம்பு 14 முதல் 60 வரை. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் பயிற்சி. அதுவும் அந்த வீட்டில் ஏற்கெனவே டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றவர் யாரும் இருக்கக் கூடாது.

அதாவது, 60 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வயதாலேயே வெளியே நிற்கிறார். 58 வயதில் ஒருவர் வந்தாலும், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பேரனோ பேத்தியோ இருந்தால் அவரும் வெளியேதான். ‘வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி’ என்ற கணக்கில் எழுதப்பட்ட விதி இது. அந்தப் பேரன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இத்தனைக்கும், முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18.2 சதவீதமாக உயரும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு.

‘எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?’ - அப்படி ஒதுங்க முடியுமா?

‘அந்தக் காலத்து ஆளுங்க. பட்டன் போன் போதும். அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்ற பேச்சு பல வீடுகளில் கேட்பதுதான். பெரியவர்களே கூட அப்படிச் சொல்வார்கள்.

ஆனால், டிஜிட்டல் தெரியாதவர் டிஜிட்டல் உலகத்துக்கு வெளியே இல்லை. இன்னொருவர் கை வழியாக உள்ளேதான் இருக்கிறார். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது. மாதாமாதம் முதியோர் ஓய்வூதியத்தை எடுக்க, ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் கைரேகை வைப்பவர்கள் ஏராளம். ஏடிஎம் கார்டு மகனிடம் இருக்கும். பின் நம்பர் கார்டு உறையிலேயே எழுதியிருக்கும். ரீசார்ஜ் கடைத் தம்பிக்கு போனின் லாக் தெரியும்.

இதில் பெரும்பாலானோர் நல்லவர்கள்தான். ஆனால், யாரோ ஒருவர் தவறினால்? கைரேகை ‘சரியா விழல, இன்னொரு தடவை வைங்க’ என்றால், முதல் முறையே பணம் எடுக்கப்பட்டுவிட்டதா என்று சரிபார்க்க அவரிடம் வழி இல்லை. ரசீது கேட்கலாம் என்றுகூட யாரும் சொல்லித்தரவில்லை. ஏடிஎம் வாசலில் ‘நான் எடுத்துத் தர்றேம்மா’ என்று கார்டை வாங்கி, வேறு கார்டைத் திருப்பிக் கொடுக்கும் பழைய மோசடி இன்றும் நடப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஆக, திறன் வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரிக்க முடியாது. தானே செய்யத் தெரியாதவர் போனை நீட்டுவார். போனை நீட்டுபவருக்குப் பாதுகாப்பு இல்லை.

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

2023-ல் நாடு முழுவதும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது சுமார் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் கொடுத்த கணக்கு இது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு!

முதியவர்களைக் குறிவைக்கும் முறைகள் பல இருந்தாலும், அடிப்படை மூன்றுதான்.

முதலாவது, அவசரம். ‘உங்க ஏடிஎம் கார்டு இன்னைக்கு சாயங்காலம் பிளாக் ஆயிடும்’, ‘கரன்ட் பில் கட்டல, ராத்திரி ஃபியூஸை பிடுங்கிடுவாங்க’ என்ற ரகம். யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதுதான் இதன் உத்தி.

இரண்டாவது, ஆசை. அரசு உதவித்தொகை, பரிசு, பி.எம். கிசான் பணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். சில நேரம் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வரும். பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். தொட்டு இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை மோசடிக்காரர் தன் இடத்தில் இருந்தே படிக்க முடியும். அதன்பிறகு அவர் உங்களிடம் ஓடிபி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, பயம். ‘டிஜிட்டல் கைது’ இந்த வகை. போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ காலில் வருவார். ‘உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு’ என்பார். ‘யார்கிட்டயும் சொல்லக் கூடாது, கேமராவை விட்டு நகரக் கூடாது’ என்பார். கடைசியில், ‘கணக்குல இருக்கிற பணத்தை சரிபார்ப்புக்காக அனுப்புங்க’ என்பார். ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவுகளைக் காட்டி 1 கோடி ரூபாய்க்கு மேல் பறித்தார்கள். அவர்களின் கடிதத்தைப் பார்த்து 2025 அக்டோபரில் தாமாக வழக்கெடுத்த உச்ச நீதிமன்றம், டிசம்பரில் டிஜிட்டல் கைது மோசடிகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாட்ஸ்அப் தெரிந்தவருக்குத்தான் ஏபிகே வரும். வீடியோ கால் பேசத் தெரிந்தவரைத்தான் டிஜிட்டல் கைது கும்பல் பிடிக்கும். பாதுகாப்பைச் சொல்லாமல் வெறுமனே போன் பழக்கிவிடுவதும் ஆபத்து. பழக்காமல் வெறுமனே பயமுறுத்துவதும் ஆபத்து. இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும்.

கேரளா என்ன செய்தது?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்றொரு கிராமப் பஞ்சாயத்து. 100 நாள் வேலை செய்பவர்கள், கூலி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே வங்கி வாசலில் வரிசையில் நின்று ஒரு நாள் வேலையை இழந்துகொண்டிருந்தார்கள். இதைக் கவனித்ததில் பிறந்த யோசனைதான் ‘டிஜி புல்லம்பாறை’. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வகுப்பறைக்கு வாருங்கள் என்று கூப்பிடவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே, வீட்டுக்கே தன்னார்வலர்கள் போனார்கள். கல்லூரி மாணவர்களும் குடும்பஸ்ரீ பெண்களும் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில், முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாக அது அறிவிக்கப்பட்டது.

அதே முறை மாநிலம் முழுக்க விரிந்தது. 83 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுத்து, பயிற்சி தேவைப்படும் சுமார் 21.88 லட்சம் பேரைக் கண்டறிந்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் களத்தில் இறங்கினார்கள். முக்கியமாக, 60 வயது என்ற உச்சவரம்பை கேரளா எடுத்துவிட்டது. பயிற்சி முடித்தவர்களில் 90 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேல். 2025 ஆகஸ்ட் 21-ல் நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக கேரளா தன்னை அறிவித்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் முடியாதா?

முடியும். ஏற்கெனவே செய்த மாநிலம்தான் இது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். எழுத்து கற்றால் மட்டும் போதாது, தானே நகர முடியணும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அன்றைக்கு சைக்கிள் செய்ததை இன்றைக்கு செல்போன் செய்ய வேண்டும்.

இப்போதும் வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. 2022-27 காலத்துக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதன் பாடத்தில் நிதி, டிஜிட்டல் அறிவும் உண்டு. ரிசர்வ் வங்கி ஆதரவில், மூன்று வட்டாரங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் நிதிசார் கல்வி மையங்கள் இயங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஊர் ஊராக மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. கிளை நூலகங்கள் இருக்கின்றன. 60 வயதைத் தாண்டியவர்களைப் பெயர் சொல்லிக் கணக்கெடுத்து, இவற்றையெல்லாம் அவர்களுக்காக ஒன்றுசேர்க்கும் வேலைதான் பாக்கி.

மலையில் கதை வேறு

சங்கராபுரத்தில் சொல்லிக்கொடுப்பது ஒரு சவால் என்றால், மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் அது வேறு சவால். 2024 ஜூன் கள்ளச்சாராய உயிரிழப்புகளுக்குப் பிறகு, மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தபோது சாலையும் அடிப்படை வசதியும் பேசப்பட்டன. உள் கிராமங்களில் சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம். ஆதார் ஓடிபி 10 நிமிடம்தான் செல்லும். சிக்னல் தேடி மேட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ‘நீங்களே ஆன்லைன்ல பண்ணிக்கலாம்’ என்பது உதவி ஆகாது. பயிற்சி வரும் வரை, ஏன் வந்த பிறகும்கூட, காகிதத்தில் விண்ணப்பிக்கும் வழியும் நேரில் வந்து உதவும் ஆளும் இருந்தே ஆக வேண்டும்.

சரி, வீட்டில் இருந்தே தொடங்கலாமா?

அரசு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியுடன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. அவர்கள் போனிலேயே சொல்லிக்கொடுங்கள். உங்கள் போனில் காட்டினால், அவர்கள் போனில் அந்தப் பட்டன் வேறு இடத்தில் இருக்கும்.

2. போனை வாங்காதீர்கள். ‘குடுங்க, நானே போட்டுத் தர்றேன்’ என்ற நொடியில் வகுப்பு முடிந்துவிட்டது. தப்பாகத் தொட்டாலும் அவர்களே தொடட்டும்.

3. முதல் பாடம், அழைப்பைத் துண்டிப்பது. பெரியவர்களுக்கு எதிரில் பேசுபவரைப் பாதியில் வெட்டுவது மரியாதைக் குறைவு. மோசடிக்காரர் நம்பியிருப்பதே அந்த மரியாதையைத்தான். ‘சந்தேகம் வந்தா பட்டுனு கட் பண்ணிடுங்க, தப்பே இல்ல’ என்று சொல்லி, நாலைந்து முறை செய்யவே வையுங்கள்.

4. ‘யாரிடமும் ஓடிபி சொல்லாதீங்க’ என்பதற்குப் பதில் ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: ‘நான் தேடிப் போனேனா, அவங்க தேடி வந்தாங்களா?’ ஒரு வேலைக்காக நாமே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும்போது வரும் எண் வேறு. யாரோ நம்மை அழைத்துக் கேட்கும் எண் வேறு. தேடி வந்தவருக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது. தேடிப் போன இடத்திலும், எதற்கான எண் என்று செய்தியைப் படித்துக்காட்டச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

5. யுபிஐ பயன்படுத்துபவராக இருந்தால், பின் நம்பர் போடுவது பணம் கொடுக்கவும் இருப்பைப் பார்க்கவும்தான். வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புறேன், பின் போடுங்க’ என்றால் அது மோசடி.

6. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்று எவர் சொன்னாலும், உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று இப்போதே முடிவு செய்து, அவர் எண்ணைப் போனில் முதல் எண்ணாக வையுங்கள்.

7. சிறிய தொகைக் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து, அதை மட்டும் போனுடன் இணைப்பது நல்லது. சேமிப்பு முழுவதும் ஒரே கணக்கில், அதுவும் போனில் இருக்க வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால்?

உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம். புகார் பதிவானதும் பணம் போன கணக்குகளுக்குத் தகவல் அனுப்பப்பட்டு, அங்கே மீதமிருக்கும் தொகை முடக்கப்படும். அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால், முதல் ஒரு மணி நேரம் முக்கியம். இந்த முறையில் 5,400 கோடி ரூபாய்க்கு மேல் காப்பாற்றப்பட்டதாக 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தேதி, தொகை, வங்கிக் கணக்கு எண், பணம் எடுத்ததாக வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாரால் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று இருந்தது. ஆனால், ஓடிபி போன்ற ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு அவருடையதே என்றும் அது சொன்னது. அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு மட்டுமே வங்கி பொறுப்பு என்றது.

இந்த விதி சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால், எண்ணைச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு வேலையையும் முடிக்கப் பழக்கப்பட்ட, ஒரு மணி நேரம்கூட யாரும் உட்கார்ந்து பாடம் சொல்லித்தராத ஒருவரிடம் ‘நீங்கதானே சொன்னீங்க’ என்று கேட்பது எந்த அளவுக்கு நியாயம்?

இன்னொன்றும் நடக்கிறது. ஏமாந்த பெரியவர்கள் பலர், பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பயந்து வெளியே சொல்வதில்லை. புகார் தாமதமாக அதுவும் ஒரு காரணம். ‘உனக்கு எதுக்கு இந்த வேலை?’ என்ற ஒரு வார்த்தை, அந்த முதல் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே, இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: ‘என்ன ஆனாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் திட்ட மாட்டேன்.’

முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567. சைபர் மோசடி புகார்களுக்கு: 1930.